குதிரைக்குப் பக்கத்தில் ஜிம்மி

குதிரையில் ஒருவர் மலைப்பாதையில் சவாரி போகிறார். கூடவே அவருடைய நாயும் போகிறது. குரைக்கவில்லை, குதிரையின் காலுக்குள் புகவில்லை, முயலைக் கண்டதும் காட்டுக்குள் ஓடவில்லை. அப்படி ஒரு நாயைப் பழக்குவது எப்படி என்று இந்த மாதம் பேசுவோம்.

"எங்கள் தோட்டத்தில் குதிரைக்கு எங்கே போவது?" என்று எட்டியாந்தோட்டையில் இருந்தோ றக்குவானையில் இருந்தோ ஒரு பிள்ளை கேட்கும். நியாயமான கேள்விதான். இன்று துரைமார் மோட்டார் சைக்கிளிலும் ஜீப்பிலும்தான் மலைக்கு வருகிறார்கள். ஆனால் கோப்பிக் காலத்திலும், அதன் பிறகு தேயிலையும் இறப்பரும் வந்த தொடக்க காலத்திலும் துரை மலை பார்க்கப் போனது குதிரையில். பங்களாவுக்குப் பின்னால் லாயம் இருக்கும். குதிரைக்குக் கொள்ளு வைத்து, தேய்த்துக் கழுவிப் பார்த்துக்கொள்ள ஒரு குதிரைக்காரர் இருப்பார். சில பழைய பங்களாக்களில் அந்த லாயம்தான் இப்போது வாகனம் நிறுத்தும் கொட்டகை. உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.

குதிரையும் நாயும் சேர்ந்து நிற்பதை நம்முடைய ஆட்கள் அதற்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஊர் எல்லையில் இருக்கும் ஐயனார், கருப்பண்ணசாமி கோயில்களில் பெரிய மண் குதிரைகள் நிற்கும். பல இடங்களில் பக்கத்தில் நாயும் இருக்கும். சாமி இரவில் குதிரையேறி ஊர்க்காவலுக்குப் போகும்போது நாயும் கூடப் போகும் என்பது நம்பிக்கை.

மண் குதிரை உதைக்காது. உயிருள்ள குதிரை உதைக்கும். அதனால்தான் அறிவியல் தேவைப்படுகிறது.

நாயின் முன்னோர் ஓநாய்கள். கூட்டமாகச் சேர்ந்து, ஓடுகிற விலங்கைத் துரத்திப் பிடித்துத் தின்றவை. குதிரையின் முன்னோரோ புல்வெளியில் மேய்ந்தவை. துரத்துகிறவனிடம் இருந்து தப்பி ஓடியவை மட்டும் குட்டி போட்டு வாழ்ந்தன. ஆக ஒன்றின் உடம்பு "ஓடுவதைத் துரத்து" என்கிறது, மற்றதன் உடம்பு "துரத்தினால் ஓடு, முடியாவிட்டால் உதை" என்கிறது. குதிரை ஓடத் தொடங்கினால் நாய்க்குத் துரத்தும் ஆசை வரும். நாய் துரத்தினால் குதிரைக்குப் பயம் வரும். மேலே உட்கார்ந்திருப்பவர் கீழே விழுவார். சவாரி நாய்க்குக் கொடுக்கும் பயிற்சி முழுவதும் இந்தச் சங்கிலியை அறுப்பதற்குத்தான்.

முதலில் குதிரையின் கண்ணைப் பார்ப்போம். தரையில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களில் குதிரையின் கண்ணும் ஒன்று. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 350 பாகைக்குச் சுற்றிப் பார்க்கும். மனிதருக்கு இது 180 பாகையை ஒட்டியது, நாய்க்கு 240 பாகை அளவில். இவ்வளவு பார்க்கிற குதிரைக்கும் தெரியாத இடம் இரண்டு உண்டு. ஒன்று, நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் உள்ள சிறு பகுதி. மற்றது, வாலுக்கு நேர் பின்னால். பின்னால் ஏதோ அசைகிற சத்தம் கேட்கிறது, என்னவென்று தெரியவில்லை என்றால் குதிரை யோசித்துக்கொண்டு நிற்காது. பின்னங்கால் பறக்கும். குதிரையின் எடை 400, 500 கிலோ இருக்கும். நம் ஜிம்மி (உங்கள் நாய்க்கு அந்தப் பெயர் என்று வைத்துக்கொள்வோம்) 15 கிலோ கூட இருக்காது. ஓர் உதை போதும்.

ஆகவே முதல் விதி, ஜிம்மி குதிரையின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வரவேண்டும். அகலமான வண்டிப் பாதை என்றால், பக்கவாட்டில் சில மீற்றர் தள்ளி. கொழுந்து மலைக்குள் போகும் ஒற்றையடிக் குறுக்குப் பாதை என்றால் பக்கத்தில் இடமே இருக்காது. அங்கே பின்னால்தான் வரவேண்டும். ஆனால் குதிரையின் உடல் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது, அதாவது ஐந்து மீற்றராவது பின்தள்ளி. அந்தத் தூரத்துக்குக் கால் எட்டாது.

கறுப்புப் புள்ளி போட்ட டல்மேஷன் நாயைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். மோட்டார் வாகனம் வருவதற்கு முன்பு இங்கிலாந்தில் அந்த நாய்க்குக் குதிரை வண்டியோடு கூட ஓடுவதுதான் வேலை. வழியில் மற்ற நாய்களை விரட்டும், தங்குமிடத்தில் குதிரைகளுக்கும் வண்டிக்கும் காவல் இருக்கும். சில நாய்கள் குதிரையின் பின்னங்குளம்பை ஒட்டி, வண்டியின் முன் அச்சுக்குக் கீழேயே ஓடும். சில நாய்கள் எவ்வளவு பழக்கினாலும் பின்னுக்கே போய்விடும். இது பழக்கமா, பிறவிக் குணமா? அமெரிக்காவில் கிளைட் கீலர், ஹாரி டிரிம்பிள் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு டல்மேஷன் பண்ணையின் நாய்களை எடுத்து, எந்தப் பெற்றோருக்குப் பிறந்த குட்டி எங்கே ஓடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1940இல் முடிவை வெளியிட்டார்கள். ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பரம்பரைக்கும் ஒரு பங்கு இருப்பதாகத் தெரிகிறது என்றார்கள். குளம்பை ஒட்டி ஓடுவதுதான் அந்தக் காலத்தில் கெட்டிக்கார நாய்க்கு அடையாளம். எனக்கு அது பிடிக்கவில்லை. மலைப்பாதையில், சறுக்கும் கல்லில், அந்த இடம் நாய்க்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த டல்மேஷன்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்பதில்லை. பிறவியிலேயே வருகிற குறை. பெயர் பெற்ற இனம் என்பதற்காக ஒரு நாயைத் தேடவேண்டாம் என்பதற்கு இதுவே போதும். நம் லயத்து வாசலில் படுத்திருக்கும் ஊர் நாய் மெலிந்த உடம்பு, நீண்ட கால், குட்டை மயிர் கொண்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற உடம்பு.

இனிப் பயிற்சி. உருசிய விஞ்ஞானி இவான் பாவ்லொவின் பெயரைப் பாடப்புத்தகத்தில் படிப்பீர்கள். சாப்பாடு கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒரே ஒலியைக் கேட்கச் செய்தார். சில நாட்களில் ஒலியைக் கேட்டதும், சாப்பாடு வராமலே, நாய்க்கு எச்சில் ஊறியது. நமக்கு அதில் இருந்து வேண்டியது இதுதான். ஒரு சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். "சரி" என்பதே போதும். "சரி" என்று சொல்லி உடனே ஒரு துண்டு கருவாடோ அவித்த முட்டையோ கொடுங்கள். பலமுறை செய்தால் அந்தச் சொல்லே ஜிம்மிக்குச் சந்தோஷம் தரும். அதன் பிறகு ஜிம்மி நல்லது செய்த அந்தக் கணத்திலேயே "சரி" சொல்லுங்கள். ஒரு விநாடிக்கு மேல் தாமதித்தால், எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. அடித்துப் பழக்கலாமா என்று கேட்காதீர்கள். குதிரைக்குப் பக்கத்தில் அடி வாங்கிய நாய், வலியைக் குதிரையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை குதிரையைக் கண்டாலே சீறும்.

"வா", "நில்", "பின்னால்", "விடு" என்ற நான்கு சொல்லையும் குதிரை இல்லாமலே படிக்கவேண்டும். வீட்டு முற்றத்தில், பிறகு பிரட்டுக் களத்தில், பிறகு ஆட்கள் போகிற வருகிற பாதையில். நீளமான கயிறு ஒன்று கழுத்துப்பட்டியில் இருக்கட்டும். நான்கிலும் முக்கியமானது "விடு". முயலையோ காட்டுப்பன்றியையோ பார்த்துவிட்டுத் திரும்பி உங்களைப் பார்க்கிற நாய்தான் சவாரிக்குத் தகுதி.

அடுத்ததுதான் பொறுமை வேண்டிய பாடம். நாய்க்குப் பழகிய, அமைதியான ஒரு குதிரை வேண்டும். இரண்டுக்கும் ஒரே நாளில் முதல் பாடம் நடத்தக்கூடாது. ஜிம்மி குதிரையைப் பார்க்கிறது, ஆனால் குரைக்கவில்லை, உடம்பு விறைக்கவில்லை என்கிற தூரத்தைக் கண்டுபிடியுங்கள். 30 மீற்றராக இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். அங்கே நின்று, குதிரையைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிற ஒவ்வொரு முறையும் "சரி". பிறகு கொஞ்சம் கிட்டே போங்கள். குரைத்தால் நாய் கெட்டது என்று அர்த்தமில்லை, தூரம் போதவில்லை. பின்னுக்கு வாருங்கள். பயந்த மூளை பாடம் படிக்காது. பரீட்சை மண்டபத்தில் உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

நேருக்கு நேர் நடந்து கிட்டே போகக்கூடாது. இரை தேடும் விலங்குதான் நேராக வரும் என்று குதிரைக்குத் தெரியும். ஒருவர் குதிரையைக் கையில் பிடித்து நடக்க, இன்னொருவர் ஜிம்மியைப் பிடித்து அதே திசையில், பக்கத்தில் இடைவெளி விட்டு நடக்கவேண்டும். ஒரே திசையில் நடப்பது இரண்டுக்கும் பயத்தைக் குறைக்கும்.

பிறகு ஆள் குதிரை மேல் ஏறுவார். இங்கே பல நாய்கள் குழம்பும். இதுவரை கைச்சாடையையும் முகத்தையும் பார்த்துப் பழகிய நாய்க்கு, இப்போது கை கடிவாளத்தில் இருக்கிறது, முகம் எங்கோ உயரத்தில் இருக்கிறது. குரல் மட்டும்தான் மிச்சம். அதனால் நான்கு சொல்லையும் மேலே இருந்து சொல்லி மறுபடி பழக்கவேண்டும். கயிற்றைச் சேணத்தில் கட்டுவதோ கையில் சுற்றிக்கொள்வதோ கூடவே கூடாது. குதிரையின் காலைக் கயிறு சுற்றினால் மூன்று உயிருக்கும் ஆபத்து. கயிறு இல்லாமலே வரத் தெரிந்த பிறகுதான் சவாரி.

பழகிய கிழட்டு நாய் ஒன்று கூட இருந்தால் பாதி வேலை குறையும். இங்கிலாந்தில் வேட்டை நாய் வளர்த்தவர்கள் இளம் நாயின் கழுத்துப்பட்டியையும் அனுபவமுள்ள நாயின் கழுத்துப்பட்டியையும் சங்கிலியால் இணைத்து நடக்கவிடுவார்கள். சின்னது பெரியதைப் பார்த்துப் படிக்கும்.

வேட்டை நாய் என்றதும் சாமுவேல் பேக்கரைச் சொல்லாமல் விட முடியாது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர். பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய், 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டவர். இங்கிலாந்தில் இருந்து குதிரை, நாய், மாடு எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அவருடைய வண்டிக்காரன் இராம்பொடை மலையேற்றத்தில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் விழுத்திவிட்டான். பேக்கரே அதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஹோர்ட்டன் சமவெளியிலும் அவர் நாய்களோடு மரை வேட்டை ஆடினார். அந்தச் சமவெளியின் தெற்கு விளிம்பான உலக முடிவில் நின்று பார்த்தால் கீழே தெரிவது இரத்தினபுரி மாவட்டத்து பெலிஹுல்ஓயா, பலாங்கொடைப் பக்கத்து மலைகள். அடர்ந்த காட்டில் குதிரை உதவாது. அங்கே பேக்கர் கத்தியோடு கால்நடையாக நாய்களின் பின்னால் ஓடினார். அவருடைய நாய்கள் வீரமானவைதான். ஆனால் நமக்கு வேண்டிய நாய் அதற்கு நேர் எதிர். மரை குறுக்கே பாய்ந்தாலும் பாதையை விட்டு இறங்காத நாய்.

ஜிம்மிக்கு எத்தனை வயதில் தொடங்கலாம்? இரண்டு பதில் உண்டு. குதிரையைப் பார்த்துப் பழகச் சின்ன வயதுதான் நல்லது. ஜோன் போல் ஸ்கொட், ஜோன் ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பிறந்து 3 வாரத்தில் இருந்து ஏறத்தாழ 12 வாரம் வரை குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ, அதைப் பிறகு பயமில்லாமல் ஏற்கும் என்று அதில் காட்டினார்கள். அந்த வயதில் தூரத்தில் மடியில் வைத்துக் குதிரையைக் காட்டலாம். ஆனால் கூட ஓட விடக்கூடாது. வளரும் எலும்பின் முனையில் மென்மையான குருத்தெலும்புத் தட்டு இருக்கும். அது இறுகி எலும்பாக 12 முதல் 18 மாதம் வரை ஆகும், பெரிய இனங்களில் அதற்கும் மேலே. அதற்கு முன் நெடுந்தூரம் ஓடினால் மூட்டு கெடலாம்.

குதிரை சாதாரணமாக நடந்தால் மணிக்கு 6, 7 கிலோமீற்றர் போகும். ஓட்டநடை என்றால் 13 கிலோமீற்றர் அளவில். குதிரை நடந்தாலே நாய் குறுநடையில் ஓடவேண்டும். அதோடு முன்னும் பின்னும் மோப்பம் பிடித்து ஓடுவதால் குதிரையைவிட அதிக தூரம் போகும். முதல் சவாரி அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

வெப்பம்தான் நம் சப்ரகமுவ மாகாணத்தில் பெரிய எதிரி. குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். அந்த வியர்வையில் லத்தரின் என்ற புரதம் இருக்கிறது. அது சவர்க்காரத்தைப் போல நுரைத்து, எண்ணெய்ப் பிசுக்குள்ள மயிரில் வியர்வையைப் பரப்பி ஆவியாக்க உதவும். நாய்க்கோ பாதத்தின் அடியில்தான் வியர்க்கும், அது போதாது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 10 முதல் 35 மூச்சு விடும் நாய், இரைக்கும்போது 200க்கு மேல் போகும். நாக்கில் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது எப்படி? இரத்தினபுரியில் மழைக்காலத்தில் கொடியில் போட்ட சட்டை மூன்று நாளானாலும் காய்வதில்லை அல்லவா? ஜிம்மியின் நாக்குக்கும் அதே கதைதான். குதிரை தாங்குகிறது என்பதால் நாயும் தாங்கும் என்று நினைக்கக்கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சவாரி என்றால் விடிகாலையில் முடிக்கவேண்டும். எச்சில் நூலாக வடிந்து, கால் தள்ளாடினால் உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, மிருக வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய்க்கும் குதிரைக்கும் நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியத் தெரியாது. பச்சைத் தேயிலைக்குள் சிவப்புக் கழுத்துப்பட்டி பளிச்சென்று தெரிவது நமக்கு மட்டும்தான். நாய் எங்கே நிற்கிறது என்று நாம் பார்ப்பதற்கு அது போதும்.

நம் தோட்டப் பாதைகளுக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. அட்டை உங்களுக்குத் தெரிந்ததே. நாம் நடக்கும் அதிர்வையும் விடும் மூச்சையும் உணர்ந்து தேடி வரும். அது கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்துவதால்தான் இரத்தம் நிற்காமல் ஒழுகும். காலிடுக்கையும் காதையும் மூக்குத் துவாரத்தையும் சவாரி முடிந்ததும் பார்க்கவேண்டும். தேங்கிய தண்ணீரை நாய் குடிக்கக்கூடாது. இரத்தினபுரியும் கேகாலையும், அந்தத் தண்ணீரால் பரவும் எலிக்காய்ச்சல் அதிகமாக உள்ள மாவட்டங்கள். நாய்க்கும் அது வரும், நாய்க்கு அதற்குத் தடுப்பூசியும் உண்டு. கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகள் புல் மூடித் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும். பாதையை விட்டு ஓடும் நாய் விழுந்தால் ஏற வழி இருக்காது.

சுருக்குக் கம்பி எல்லாவற்றையும்விட மோசம். காட்டுப்பன்றிக்கு என்று வைப்பார்கள், அகப்படுவது எதுவும் ஆகலாம். 2020 மே மாதம் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் செத்துப்போனது. சிறுத்தை நாயையும் பிடித்துத் தின்னும். அதனால் அந்தி மயங்கிய பிறகு நாயோடு சவாரி இல்லை.

சிங்கராஜ வனத்துக்கோ ஹோர்ட்டன் சமவெளிக்கோ நாயைக் கூட்டிப்போகலாமா? கூடாது. துரத்தும் என்பது மட்டும் காரணம் அல்ல. 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் பரவி, ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள், அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, இறந்தன. சுற்றியிருந்த கிராமத்து நாய்களிடம் இருந்தே அது வந்தது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். நம் காட்டிலும் சிறுத்தை இருக்கிறது.

உங்களில் பலருக்குச் சவாரிக் குதிரை கிடைக்காது. ஆனால் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனால் வாவிக்கரையில் மட்டக் குதிரைகளைப் பார்ப்பீர்கள். நாய் கூட இருந்தால் கயிற்றைக் குறுகப் பிடித்து, பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கி, குதிரைக்காரர் மாமாவுக்குக் கேட்கும்படி குரல் கொடுங்கள். உங்கள் குரல் கேட்டால் குதிரைக்கும் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். வாலுக்குப் பின்னால் மட்டும் போகவேண்டாம். ஜிம்மிக்கு இந்த வருடத்து விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று இன்றைக்கே அப்பாவிடம் கேளுங்கள். போடவில்லை என்றால், அடுத்த இலவச ஊசி முகாம் எப்போது என்று சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்து ஜிம்மியைக் கூட்டிப்போங்கள்.